இலங்கை உருளைக்கிழங்கு இறக்குமதியை நிறுத்தினால் தன்னிறைவு கிட்டுமா?

வெலிமடை விவசாயி: அறுவடை வேளையில் இறக்குமதிக் கிழங்கு வந்து குவிவதால் எங்கள் விலை சரிகிறது. அதை முற்றாகத் தடுத்தால் என்ன?

நுவரெலியா வாசகர்: கிழங்கு உள்ளூர்தான், ஐயா, ஆனால் விதைக்கிழங்கில் ஒரு பங்கும் உரமும் பூச்சிகொல்லியும் கப்பலில்தானே வருகின்றன? 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்து, நவம்பரில் அத்தடையை விலக்கிக்கொள்வதற்குள் தேயிலையும் மரக்கறியும் பட்ட பாட்டை மலையகம் அறியும்.

ஹட்டன் ஆசிரியர்: லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அடுப்பில் தினமும் சுடும் ரொட்டிக்கான கோதுமை இங்கு விளைவதே இல்லை. 1970களில் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டு, மாவும் அரிசியும் அருகியபோது, 1974இல் தோட்டப்புறங்களில் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. தன்னிறைவின் விலையை யார் கொடுப்பது என்பதையும் கேட்க வேண்டும்.

வெலிமடை விவசாயி: அறுவடைக் காலத்தில் மட்டும் வரியை உயர்த்தினால்?

நுவரெலியா வாசகர்: அது நியாயமே. அத்துடன் சீதாஎலிய விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் நடப்பதுபோல் விதைக்கிழங்கை இங்கேயே பெருக்குவதை விரிவாக்க வேண்டும்.