நீலப் பட்டு மினுங்கவே இல்லை: கேன்ஸ்பரோ நகலுக்கு உதவி தேவை

வணக்கம். ஆங்கில ஓவியர் தாமஸ் கேன்ஸ்பரோவின் 'திரு, திருமதி ஆண்ட்ரூஸ்' (சுமார் 1750, லண்டன் நேஷனல் கேலரி) ஓவியத்தைப் பாதி அளவில், 60 × 35 செ.மீ. கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் நகலெடுக்கிறேன். மூன்று வாரமாகிறது. ஓக் மரம், கதிர்க்கட்டுகள், துப்பாக்கியோடு நிற்கும் கணவர் எல்லாம் ஓரளவு வந்துவிட்டன.

மனைவியின் நீலப் பட்டுதான் வரவில்லை. காய்ந்ததும் பருத்தித் துணிபோல் மங்கிவிடுகிறது. பிரஷ்யன் நீலத்தில் வெள்ளை கலந்து பார்த்தேன், மேலே அல்ட்ராமரின் நீலத்தை மெல்லிசாகப் பூசினேன், ஆளிவிதை எண்ணெயைக் கூட்டினேன். மடிப்பில் விழும் ஒளி சுண்ணாம்புக் கோடாகவே நிற்கிறது. மடியில் கேன்ஸ்பரோ முடிக்காமல் விட்ட பழுப்புத் திட்டு பக்கத்திலேயே இருப்பதால் குறை இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

அந்தப் பட்டு மினுமினுப்பு வர அடிப்பூச்சை எந்த நிறத்தில் போட வேண்டும்?