எம்ஜிபி எஞ்சின்: ஓவர்சைஸ் த்ரஸ்ட் வாஷர் வேணும்

அண்ணன்மாரே, குளச்சலில் முழுசாகப் பிரித்த எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) எஞ்சின் ஒன்றை வீட்டிலேயே கோர்க்கிறோம். 1798 சிசி, ஐந்து மெயின் பேரிங். நடு பேரிங்கில் புது த்ரஸ்ட் வாஷர் (கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் தாங்கும் பிறைத் தகடு) நாலும் போட்டாச்சு. எண்ணெய்க் காடி கிராங்க் பக்கம்தான் பார்க்குது. கேப் நட்டை 70 பவுண்டு-அடிக்கு முறுக்கி, கிராங்க்கை முன்னும் பின்னும் நெம்பினால் டயல் கேஜ் 0.25 மி.மீ. ஆட்டம் காட்டுது. 0.10–0.13 தான் இருக்கணும். இப்படியே மூடினால் கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னால் தள்ளும். வாஷர் கழன்றால் பிளாக் போச்சு.

ஓவர்சைஸ் (வழக்கத்தைவிடத் தடிமனான) வாஷர் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் யாரிடமாவது உண்டா? கிராங்க் முகத்தை வெல்டு வைத்துக் கடைகிற நம்பகமான பட்டறை? கோவை, சென்னை என்றாலும் சரி. மெட்ரிக் போல்ட் மட்டும் சொல்லாதீங்க, இது யுஎன்எஃப் (அங்குல அளவு) மரை. சீக்கிரம் சொல்லுங்க, இந்த உப்புக்காற்றில் எண்ணெய் காய்ந்தால் சிலிண்டர் சுவர் சிவந்துவிடும்.