பதில்: ஆண் தவளையின் குரலுக்கு ஒரு சொல்

ஐயாவுக்கும் அக்காவுக்கும் வணக்கம்.

ஆண் தவளை துணை தேடி எழுப்பும் குரலை ஆங்கிலத்தில் advertisement call என்கிறார்கள்; அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் கேள்வி. ஐயா தந்த ‘விளம்பர ஒலி’யை என் ஆய்வேட்டில் எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. மட்டக்களப்பில் விளம்பரம் என்றால் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோதான் கண்முன் வருகிறது. அக்காவின் ‘துணையழைப்பு’ அழகான சொல், ஆனால் பாதிப் பொருளைத்தான் சொல்கிறது. அந்தக் குரல் பெண் தவளைக்கு அழைப்பு. பக்கத்து ஆணுக்கோ ‘இது என் இடம், கிட்ட வராதே’ என்ற எச்சரிக்கை.

நான் முன்வைப்பது ‘அறைகூவல்’. போருக்கு அழைப்பதும் அறைகூவல்தான். ‘ஒன்றுபட வருமாறு அறைகூவல் விடுத்தார்’ என்று நாளிதழ்கள் எழுதுவதும் அதே சொல்தான். அழைப்பும் சவாலும் ஏற்கெனவே அதற்குள் இருக்கின்றன. குயில்தான் கூவும், தவளை கத்தும் என்ற மரபும் தெரியும். ‘கத்தல்’ எல்லா ஒலிக்கும் பொதுவாக இருக்கட்டும்.

கடந்த கார்த்திகையில் படுவான்கரை வயலொன்றில் ஒலிப்பதிவுக்கு நின்றேன். டோர்ச் வெளிச்சம் பட்டதும் வயல் முழுவதும் வாயடைத்துப் போனது. வேளாண்மை செய்யும் பெரியவர் ஒருவர், “அணைத்துவிட்டு நில் மகன், ஒருவன் தொடங்குவான், மற்றவன் பொறுக்கமாட்டான்” என்றார். அப்படியே நடந்தது. இந்தச் சொல் எனக்குக் கிடைத்தது அந்த இருட்டில்தான்.

அன்றிரவே ஓர் ஆண் தேரையை முன்னங்கால்களுக்குப் பின்னால் இரு விரலால் பிடித்தேன். உடல் அதிர அதிர, துண்டு துண்டாகக் கத்தியது. இன்னோர் ஆண் தவறுதலாகத் தழுவினால் ‘நான் பெண் அல்ல, விடு’ என்று சொல்லும் குரல் அது. இதற்கு ‘விடுகுரல்’ என்று வைக்கலாம். வினைத்தொகை, நாவில் இலகுவாக நிற்கிறது.

இந்த வேறுபாடு ஆய்வுக்கு உயிர்நாடி. இலங்கையில் 100க்கும் மேற்பட்ட தவளை இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை வேறெந்த நாட்டிலும் இல்லை. மரத்தவளைகளில் பல, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அறைகூவல்தான் இனத்துக்கு இனம் மாறும். பிடித்துத் துன்புறுத்தாமல் காதால் கேட்டே ஓர் இடத்தில் எவை இருக்கின்றன, எவை அற்றுப்போயின என்று அறிய அது உதவுகிறது. ஊரவர் நிரப்பவேண்டிய கணக்கெடுப்புப் படிவத்தில் இச்சொல் தெளிவாக இல்லையென்றால், எல்லாமே ‘மாரித் தவளை’ என்ற ஒரே கட்டத்துக்குள் போய்விடும்.

இன்னொன்று மீதி இருக்கிறது. அறைகூவலுக்குப் பிறகும் விலகாத இன்னோர் ஆண் தவளையை நெருங்கி எழுப்பும் குரலுக்கு என்ன பெயர்? எங்கள் பக்கத்து வழக்கில் அதட்டுவதை ‘உறுக்குதல்’ என்போம். ‘உறுக்கல்’ என்று வைத்தால் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு விளங்குமா?