பழைய அவுட்போர்டு படகு: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: குடும்பத்தோடு மீன்பிடிக்கச் செல்ல, பின்புறம் வெளியே மாட்டும் 40 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் பொருத்திய பழைய ஃபைபர் படகு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். கையிருப்பு குறைவு என்பதால், பின்னால் பெருஞ்செலவு வைக்கக்கூடிய குறைகளை முன்கூட்டியே கண்டறிவது எப்படி?

பதில் 1: எஞ்சினுக்கு முன்பாக, அதைத் தாங்கும் பின்பலகையான டிரான்சமைப் பாருங்கள். எஞ்சினைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தும்போது பலகை நெளிந்தால், உள்ளிருக்கும் மரம் இற்றுவிட்டது என்று கொள்ளலாம். திருப்புளியின் கைப்பிடியால் தட்டினால், நல்ல இடம் கணீரென்றும் ஊறிய இடம் மொத்தென்றும் ஒலிக்கும்.

பதில் 2: நீங்கள் போகும் முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள், குளிர்ந்த நிலையில் கிளப்பினால்தான் அதன் உண்மை தெரியும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தின் அளவு, சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் விலகிவிடுங்கள். கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் சீல் வழியாக நீர் புகுந்திருக்கிறது. ஓடும்போது எஞ்சினின் பக்கவாட்டுத் துளையிலிருந்து அதைக் குளிர்விக்கும் நீர் சீராகப் பீய்ச்ச வேண்டும். இல்லையெனில் அந்த நீரை இறைக்கும் சக்கரமான இம்பெல்லரோ நீர்ப்பாதையோ பழுதாகியிருக்கலாம், இம்பெல்லர் மட்டுமென்றால் சிறு செலவுதான்.

பதில் 3: என் முதல் படகின் எஞ்சின் குறையற்றது, ஆனால் தளத்துக்கு அடியிலிருந்த மிதவை நுரை முழுவதும் நீரை உறிஞ்சியிருந்ததை நான் கவனிக்கவில்லை. தளத்தைப் பெயர்த்தெடுத்த செலவு படகின் விலையை எட்டியது. தளத்தின் மீது மெல்ல நடந்து, கால் அமுங்குகிறதா என்று பாருங்கள். டூ-ஸ்ட்ரோக் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும், ஆனால் பழுதுபார்க்க எளிது என்பதால் அதற்காகத் தயங்க வேண்டியதில்லை.