கையில் ரிவர்சைடு சீட், மனசில் பெர்க்லி: கம்யூனிட்டி காலேஜுக்கு விடலாமா?

ஃப்ரீமாண்ட்_அப்பா:
பையனுக்கு மெக்கானிக்கல் ஆசை. யூசி, அதாவது கலிபோர்னியா யுனிவர்சிட்டியோட ரிவர்சைடு வளாகத்தில் இடம் கிடைச்சிருக்கு. அவனோ, "பக்கத்து ஓலோனி கம்யூனிட்டி காலேஜில் ரெண்டு வருஷம் படிச்சிட்டு யூசி பெர்க்லிக்கு மாறிக்கறேன்"ங்கிறான். வீட்டில் ஒரே வாக்குவாதம்.

கணக்குப்பிள்ளை:
தாராளமா விடுங்க. கம்யூனிட்டி காலேஜில் கலிபோர்னியாவாசிக்கு ஒரு யூனிட் (பாடத்துக்கான கிரெடிட்) 46 டாலர். ரெண்டு வருஷத்து 60 யூனிட்டுக்கு 2,760தான். யூசியில் டியூஷனும் ஃபீஸும் மட்டுமே வருஷம் 14,000-ஐத் தாண்டுது, தங்க, சாப்பிட தனி. கடைசியில் பட்டத்தில் யூசி பேர்தான். நம்ம ஊரில் டிப்ளமோ முடிச்சு நேரா பி.இ. ரெண்டாம் வருஷம் சேர்ந்தவங்க கெட்டா போயிட்டாங்க?

மீனா_சான்ஹோசே:
அண்ணா, டிப்ளமோ படிக்கிறவன் கையிலிருந்த சீட்டை விட்டுட்டா போனான்? கம்யூனிட்டி காலேஜிலிருந்து மாறுறவங்களுக்கு 'டேக்'னு சொல்ற இட உத்தரவாதம் ஆறு யூசி வளாகத்தில்தான். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான்டியாகோ மூணும் அதில் இல்லை.

கணக்குப்பிள்ளை:
அந்த ஆறில் ரிவர்சைடும் உண்டே! கேட்ட பாடமும் மார்க்கும் இருந்தா, பெர்க்லி கிடைக்காட்டியும் அங்கேயே போய்க்கலாம்.

மீனா_சான்ஹோசே:
"கேட்ட பாடம்"னு சுலபமா சொல்லிட்டீங்க. கால்குலஸ் மூணு, அப்புறம் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். ஒண்ணு முடிச்சாத்தான் அடுத்தது. அதுவே நாலு செமஸ்டர். ப்ரீகால்குலஸில் ஆரம்பிச்சா மூணாம் வருஷமும் அங்கேதான். எங்க அக்கா பையன் படிச்ச காலேஜில் ஆள் சேரலைன்னு ஸ்டாடிக்ஸ் (அசையாத பொருள் மேல விசைக் கணக்கு) வகுப்பையே ரத்து பண்ணிட்டாங்க. ஒரு வருஷம் போச்சு. மிச்சம் பிடிச்ச காசுக்கு அந்த வருஷச் சம்பளத்தையும் கழிச்சுப் பாருங்க.

ஃப்ரீமாண்ட்_அப்பா:
இவன் ஸ்கூலிலேயே எழுதற காலேஜ் தரப் பரீட்சை, ஏபி கால்குலஸ் பிசியில் 5-க்கு 5 வாங்கியிருக்கான்.

மாறிவந்தவன்:
அப்படின்னா கணக்குச் சங்கிலியில் பாதி தாண்டியாச்சு. நானும் இந்த வழியில் வந்தவன்தான். நான் பண்ணின தப்பு: வரலாறு, பேச்சுக்கலைன்னு பொதுப்பாடத்தையெல்லாம் முதல்லயே முடிச்சேன். யூசி வந்ததும் மூச்சுவிட ஒரு லேசான பாடம்கூட மிச்சமில்லை. முதல் டெர்ம் தெர்மோ, ஃப்ளூயிட்ஸ், லேப் எல்லாம் சேர்ந்து முதுகை ஒடிச்சது. 'அசிஸ்ட்' தளத்தில் ஓலோனியின் எந்தப் பாடத்தை பெர்க்லி ஏத்துக்கும்னு இன்னிக்கே பாருங்க. அந்தப் பாடமெல்லாம் எந்தெந்த செமஸ்டரில் நடக்கும்னு கவுன்சிலரிடம் கேளுங்க. பணத்தை அப்புறம் பேசலாம்.

மீனா_சான்ஹோசே:
என் ஓட்டு இப்பவும் ரிவர்சைடுக்கே. முதல் வருஷமே ப்ரொஃபசர் லேபில் நுழையலாம், ராத்திரி ரெண்டு மணிக்கு சேர்ந்து கணக்குப் போட நாலு பேர் இருப்பாங்க. 46 டாலருக்கு அது வராது.

ஃப்ரீமாண்ட்_அப்பா:
மே 1-க்குள்ள ரிவர்சைடுக்குப் பதில் சொல்லணும். இன்னிக்கு ராத்திரி அவனையே அசிஸ்டில் உட்கார்ந்து நாலு செமஸ்டருக்கும் அட்டவணை போடச் சொல்லியிருக்கேன். ஒரு கட்டம் காலியா இருந்தாலும் ரிவர்சைடுதான்.