கியர்பாக்ஸ் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மெமரி பழுது: பெட்டியையே மாற்ற வேண்டுமா?

கேள்வி (பெருந்துறையிலிருந்து)

வணக்கம். எங்கள் கார் 6 கியர் கொண்ட ஆட்டோமேட்டிக் வண்டி. சில வாரங்களாகக் காலையில் எடுத்ததும் கியர்கள் வெட்டி வெட்டி விழுகின்றன; சிறிது தூரம் ஓடியபின் சரியாகிவிடுகிறது. அண்மையில் திம்பம் மலைப்பாதையில் ஏறும்போது மூன்றாம் கியரிலேயே நின்றுகொண்டது. ஓரங்கட்டி அணைத்துவிட்டு மறுபடி கிளப்பிய பிறகே மற்ற கியர்கள் வந்தன. ஸ்கேனரில் பி0700, பி0603 என்ற குறியீடுகள் வருகின்றன. கியர் மாற்றத்தை இயக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மெமரி போய்விட்டது, புதுப் பெட்டிதான் போட வேண்டும் என்று பணிமனையில் சொல்கிறார்கள். அதற்கு முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பதில் (கோவையிலிருந்து, வாகன மின்பழுது பார்ப்பவர்)

அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். பி0700 என்பது கியர்பாக்ஸ் பக்கம் ஏதோ பழுது இருக்கிறது என்ற அறிவிப்பு மட்டுமே. விஷயம் பி0603இல் இருக்கிறது; பேட்டரி மின்சாரத்தால் காக்கப்படும் மெமரியில் பிழை என்பதே அதன் பொருள். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்சுகளின் தேய்மானத்துக்கு ஏற்பப் பெட்டி கற்றுக்கொண்ட அளவுகள், பல வண்டிகளில், சாவியை எடுத்த பிறகும் பேட்டரியிலிருந்து நேராக வரும் நிரந்தர மின்சாரத்தால்தான் காக்கப்படுகின்றன. அந்த இணைப்பு நொடிப்பொழுது அறுந்தாலும் கற்றது அழிந்து, பெட்டி தொடக்கத்திலிருந்து பழக வேண்டியிருக்கும்; காலையில் கியர் வெட்டுவதற்கு அது போதுமான காரணம்.

குறியீட்டை அழிப்பதற்கு முன் அதனுடன் பதிவான வேகம், மின்னழுத்தம், எண்ணெய் வெப்பம் ஆகியவற்றைப் படம் எடுத்து வையுங்கள். பேட்டரி ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட்டும், எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.7 வோல்ட் வரையும் காட்ட வேண்டும். அடுத்து, பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் கனெக்டரைப் பிரித்து, எர்த்தை மீண்டும் மாட்டி, வண்டி ஒயரிங் படத்தில் உள்ள நிரந்தர மின்முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை எரியவிடுங்கள். ஒரே ஓர் இழையில் தொங்கும் ஒயர்கூட வெறும் மீட்டருக்கு 12 வோல்ட் காட்டிவிடும். பல்பு மங்கினால்தான் உண்மை வெளிப்படும். மீட்டர் முனையைக் கனெக்டர் துளைக்குள் திணிக்காதீர்கள், பிடிப்புத் தளர்ந்து புதுப் பழுது பிறக்கும்.

பதில் (சூலூரிலிருந்து)

மேலே அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பி0601, பி0604, பி0605 என்றால் நிலைமை வேறு. முதலாவது, மெமரியில் உள்ளதன் கூட்டுத்தொகைச் சரிபார்ப்பில் பிழை. மற்றவை முறையே ரேம் (தற்காலிக மெமரி), ரோம் (நிரந்தர மெமரி) பிழைகள். மின்சாரமும் எர்த்தும் சரியென்று உறுதியான பின்னும், அழித்துச் சாவி போட்டவுடனே அவை திரும்பினால் பெட்டியைச் சந்தேகிப்பது நியாயம். அப்போதும் மென்பொருளை மறுபடி ஏற்றிப் பார்க்கலாம். ஆனால் ஏற்றும்போது மின்னழுத்தம் சரிந்தால் நல்ல பெட்டியும் செயலிழந்துவிடும் என்பதால், நிலையான மின்வழங்கியை மாட்டியே செய்யச் சொல்லுங்கள். பழைய சாமான் கடைப் பெட்டியை அப்படியே மாட்ட முடியாது; வண்டியின் சேஸிஸ் எண்ணும் மென்பொருள் பதிப்பும் பொருந்த வேண்டும்.

கேட்டவர்

பல்பு மங்கலாகத்தான் எரிந்தது, மீட்டர் 9 வோல்ட்டுக்கு இறங்கியது. பானெட்டுக்குள் இருக்கும் ஃப்யூஸ் பெட்டியில் அந்த ஃப்யூஸின் ஒரு கால் கருகி, பிடிக்கும் தகடு அகன்றிருந்தது. எலக்ட்ரீசியன் தகட்டை மாற்றிவிட்டார். இப்போது பல்பு பளிச்சென்று எரிகிறது. குறியீடும் திரும்பவில்லை, ஆனால் கியர் மாறுவது இன்னும் மென்மையாக இல்லை.

பதில் (கோவையிலிருந்து)

மலை ஏறும் சூட்டிலும் அதிர்விலும் அந்தத் தகடுதான் விட்டுவிட்டுப் பிடித்திருக்கும். இனி, அழிந்த அளவுகளைப் பெட்டி மறுபடி கற்பதற்கான பழகுமுறையை ஸ்கேனரில் தொடங்கி, எண்ணெய் உரிய வெப்பத்துக்கு வந்தபின், விஜயமங்கலம் பக்கம் நால்வழிச் சாலையில் நெரிசலற்ற நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை இலேசாக, ஒரே அழுத்தத்தில் வைத்து எல்லாக் கியர்களும் ஏறி இறங்கும்படி ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் வெட்டினால் எண்ணெயின் அளவையும் நிறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.