இணைதிற எலக்ட்ரான்களை, அதாவது பிணைப்பில் பங்கெடுக்கும் எலக்ட்ரான்களை, எண்ணும்போது பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள்? மூன்று ஊர் வேதியியல் ஆசிரியர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

களியக்காவிளை:
தமிழக-கேரள எல்லைக்கு எந்தப் பக்கத்துப் பிள்ளையானாலும் முதலில் தடுக்குவது பொட்டாசியத்தில் (19 எலக்ட்ரான்: 2, 8, 8, 1). "மூணாவது கூட்டில் பதினெட்டுக்கு இடம் கிடக்குல்லா, பின்னே 2, 8, 9 ஏன் இல்லை?" நியாயமான கேள்விதான். 'எட்டோடு நிறுத்து' என்று வாயை அடைத்தால் ஸ்காண்டியத்தில் நாமே மாட்டிக்கொள்வோம். கூட்டுக்குள் எஸ், பி, டி, எஃப் என்று துணைக்கூடுகள் உண்டு; 3டி என்றால் மூணாவது கூட்டின் டி. 19ஆவது எலக்ட்ரானுக்கு 3டி-யைவிட 4எஸ் ஆற்றல் குறைந்த மட்டம். ஸ்காண்டியத்திலிருந்து உட்கரு மின்சுமை ஏற ஏற 3டி கீழே இறங்கிவிடும். அதனால்தான் இரும்பு இரண்டு எலக்ட்ரானை இழந்து 2+ ஆகும்போது 4எஸ்-இன் இரண்டும் போய், 3டி-யில் ஆறும் அப்படியே நிற்கின்றன. கடைசியாக நிரம்பியதுதான் முதலில் போகும் என்று எழுதினால் மதிப்பெண் போச்சு.

பாறசாலை:
சாரே, அயனியாக்கும் ஆற்றலையும் (எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகப் பிய்க்க ஆகும் ஆற்றல்) பலகையில் எழுதிப் போடுங்கள். மக்னீசியத்துக்கு 738, 1451, அடுத்தது ஒரேயடியாக 7733 கிலோஜூல்/மோல். அலுமினியத்துக்கு 578, 1817, 2745, பிறகு 11577. எங்கே தாவுகிறதோ அதற்கு முன்னால் இருப்பவைதான் இணைதிற எலக்ட்ரான்கள். மாங்கனீஸில் இந்த வித்தை பலிக்காது. பெர்மாங்கனேட்டில் அது 7+ வரை போகும், 3டி-யின் ஐந்தையும் சேர்த்து எண்ண வேண்டும்.

மணவாளக்குறிச்சி:
எஃப் துணைக்கூடு நிரம்பும் தனிமங்களான எஃப் தொகுதிக்கு நம்ம ஊர் கருமணலே உதாரணம். அதிலுள்ள மோனசைட் என்ற கனிமத்தில் சீரியம், லாந்தனம், நியோடிமியம், தோரியம் எல்லாம் பாஸ்பேட்டாக இருக்கின்றன. சீரியம், நியோடிமியம் போன்ற லாந்தனாய்டுகளில் 4எஃப், 5எஸ்-5பி கூடுகளுக்கு உள்ளே ஒதுங்கிக் கிடப்பதால் பிணைப்பில் அநேகமாகத் தலையிடாது. ஏறக்குறைய எல்லாமே 3+. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க ஆலைகள் படாத பாடு படுவது அதனால்தான். சீரியம் மட்டும் நாலாவதையும் விட்டு 4எஃப் காலியான 4+ ஆகும். ஆக்சிஜனேற்றம் செய்து அதைத் தனியே எடுத்துவிடலாம்.

வகுப்புக்கு மணலை அள்ளி வர வேண்டாம். தோரியம் கதிரியக்கமுள்ளது, மோனசைட் அணுசக்தி தொடர்பான சட்டக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 4+ சீரியமுள்ள சீரிக் அம்மோனியம் நைட்ரேட் ஒரு சிட்டிகை, நீர்த்த நைட்ரிக் அமிலம், கொஞ்சம் ஆக்சாலிக் அமிலம், இளஞ்சூடு. ஆரஞ்சு நிறம் மறைந்தால் 3+ வந்துவிட்டது. நிறம் போகாவிட்டால் ஆக்சாலிக் அமிலம் பற்றவில்லை.

களியக்காவிளை:
4எஃப் காலி என்றால் ஆரஞ்சு நிறம் ஏது என்று ஒரு பிள்ளையாவது மடக்கும்.

மணவாளக்குறிச்சி:
மடக்கட்டும். அது எலக்ட்ரான் எஃப்-க்குள்ளேயே இடம் மாறும் எஃப்-எஃப் தாவல் இல்லை. ஈனியிலிருந்து (உலோகத்தைச் சுற்றிப் பிணைந்திருக்கும் அணு அல்லது தொகுதி) எலக்ட்ரான் உலோகத்துக்குத் தாவுவதால் வரும் நிறம், பெர்மாங்கனேட்டின் ஊதாவும் அந்த வகைதான்.